உடற்குறியும் அறிவு வளர்ச்சியும்

பிறந்த குழந்தையின் உள்ளங்கையை விரித்துப் பார்க்கும் பாட்டி, அங்கே குறுக்காக ஒரே ரேகை ஓடுவதைக் கண்டு முகம் வாடுகிறாள். காது சற்றே தாழ்ந்திருக்கிறதென்று இன்னொருவர் கூறுகிறார். பிள்ளையின் அறிவு வளர்ச்சி குன்றிவிடுமோ என்ற அச்சம் தாயின் நெஞ்சிற் புகுந்துவிடுகிறது. இவ்வச்சத்திற்கு ஆதாரம் உண்டா?

ஓரளவு உண்டு. கருவில் முளையம் உருவாகும் தொடக்க வாரங்களில், மேற்றோலும் மூளையும் ஒரே புறப்படையிலிருந்து தோன்றுகின்றன. முகம் உருப்பெறுவதும் அக்காலத்திலேதான். ஆகவே, அப்போது நேரும் இடையூறு உடலிலும் மூளையிலும் ஒருங்கே தன் சுவட்டைப் பதித்தல் கூடும்.

1866ஆம் ஆண்டில் ஜோன் லாங்டன் டவுண் என்ற ஆங்கில வைத்தியர், அறிவு வளர்ச்சி குன்றிய சிலரிடம் ஒத்த முகச்சாயல் இருப்பதை விவரித்தார். அதனை மனித இனங்களோடு தொடர்புபடுத்தி அவர் கூறிய விளக்கம் பிழையாயிற்று. 46 நிறமூர்த்தங்களுக்குப் பதிலாக 47 இருப்பதே காரணமென்பதை, 1959இல் பிரான்சிய ஆராய்ச்சியாளர் லெஜூனும் அவருடைய சகாக்களும் வெளியிட்டனர்.

டவுண் நிலையுடைய பிள்ளைகளுள் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் அந்த ஒற்றை ரேகை காணப்படுகிறது. ஆயினும், யாதொரு குறையுமற்ற மக்களிலும் நூற்றுக்குச் சிலரிடம் அது உண்டு. டவுண் நிலையுடன் பிறப்பவரோ ஆயிரத்துக்கு ஏறத்தாழ ஒருவரே. எனவே, ஒற்றை ரேகையுடையோரிற் பெரும்பாலார் இயல்பான வளர்ச்சியுடையவரே என்பது தெளிவு.

1964இல் அமெரிக்க வைத்தியர்கள் நாலாயிரத்துக்கு மேற்பட்ட சிசுக்களைப் பரிசோதித்து வெளியிட்ட ஆய்வும் இதனை விளக்குகிறது. சிறு உடற்குறி ஒன்று மட்டும் உடையவை நூற்றுக்கு ஏறத்தாழப் 13. மூன்றோ அதற்கு மேலோ உடையவை மிகச் சில. அவற்றுட் பெரும்பாலானவற்றிற்குப் பாரிய உடற்குறையும் இருந்தது. தனிக்குறி பெரும்பாலும் பொருளற்றது. பல குறிகள் ஒன்றுசேரின் அவற்றை அலட்சியம் செய்தலாகாது.

அப்போதும் குறி தீர்ப்பன்று, பரிசோதனைக்கான அழைப்பே. டவுண் நிலையுடைய சிசுக்களில் ஏறக்குறையப் பாதிக்கு இருதயக் குறை உண்டு. அதனை உரிய காலத்திற் கண்டால் உயிரைக் காக்கலாம். பேச்சுப் பயிற்சியும் உடற்பயிற்சியும் விரைவில் தொடங்கினால் பிள்ளை பெறும் நன்மை பெரிது.

ஆதலால், ஐயமுற்ற தாய் நாடவேண்டியவர் குழந்தை வைத்தியரேயன்றி ரேகை பார்ப்பவர் அல்லர். பிள்ளை ஓசைக்குத் திரும்புகிறதா, முகம் பார்த்துச் சிரிக்கிறதா, காலத்தில் தலை நிமிர்த்துகிறதா என்பனவே கையிலுள்ள கோட்டினும் மிகுதியாகப் பேசும்.