பட்டியலில் இல்லாதவர்கள் கோப்பையைத் தூக்கினார்கள்!

ஆகஸ்ட் மாதம் பிறந்தால் போதும். இங்கிலாந்தில் கால்பந்து ரசிகர்களுக்கு வாய் சும்மா இருக்காது.

"இந்த வருஷம் யாருப்பா நம்பர் ஒன்?"

இதுதான் கேள்வி. பஸ்ஸில் இதே பேச்சு. மதுக்கடையில் இதே பேச்சு. பத்திரிகைகளும் விடுவதில்லை. முதல் டிவிஷனான பிரீமியர் லீகில் 20 அணிகள். அதில் சிறந்த ஆட்டக்காரர்கள் இன்னார் இன்னார் என்று வரிசைப்படுத்திப் பட்டியல் போட்டுவிடும்.

பந்து இன்னும் உருளவே இல்லை. அதற்குள் மார்க் போட்டாகிவிட்டது!

"அவனை ஏன் ஏழாவதா போட்டாங்க? கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று ஒருவர் குதிப்பார். "போன வருஷம் அவன் போட்ட கோலை எண்ணிப் பாரு, அப்புறம் பேசு" என்று இன்னொருவர் மடக்குவார்.

இந்தச் சண்டையில் ஜெயித்தவர் கிடையாது. ஆனால் 2015-ம் ஆண்டில் பட்டியல் போட்டவர்கள் அத்தனை பேரும் ஒட்டுமொத்தமாக மூக்கறுபட்டார்கள். ஆகஸ்ட் சண்டை எங்கே நடந்தாலும் அந்தக் கதையை இழுக்காமல் முடியாது.

எதை வைத்து மார்க்?

பட்டியல்காரர்கள் பார்ப்பது நாலு விஷயம். போன சீசனில் எத்தனை கோல்? வாங்கிய விலை என்ன? எந்தக் கிளப்? தேசிய அணியில் இடம் உண்டா?

நாலுமே பழைய கணக்கு!

இன்னொரு கோளாறும் உண்டு. கோல் போடுகிறவர் எல்லார் கண்ணிலும் படுவார். நடு மைதானத்தில் ஓடியோடிப் பந்தைப் பறித்துக் கொடுப்பவர் படமாட்டார். கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவரை எல்லாருக்கும் தெரியும். அடுப்படியில் வேகிறவரை யாருக்குத் தெரியும்?

முதல் பெயர் ஹசார்ட்

2015 கோடையில் சிறந்த ஆட்டக்காரர் யார் என்று கேட்டால் முன்வரிசையில் வந்து நின்ற பெயர் ஈடன் ஹசார்ட். பெல்ஜியம் நாட்டுக்காரர். செல்சி அணி. அதற்கு முந்தைய சீசனில் செல்சிதான் சாம்பியன். ஹசார்ட் 14 கோல் போட்டிருந்தார். சக ஆட்டக்காரர்கள் ஓட்டுப்போட்டுக் கொடுக்கும் விருதும் அவருக்கே. பத்திரிகையாளர்கள் கொடுக்கும் விருதும் அவருக்கே.

பணம் கொட்டிய அணி மான்செஸ்டர் சிட்டி. ரஹீம் ஸ்டெர்லிங் என்ற 20 வயது வாலிபரை சுமார் 4 கோடியே 90 லட்சம் பவுன் கொடுத்து வாங்கியது.

லெஸ்டர் சிட்டி? அந்த அணியின் பெயர் அடிபட்டது வேறு பட்டியலில். பிரீமியர் லீகில் கடைசி 3 இடம் பிடித்தால் கீழ் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். "இந்தத் தடவை லெஸ்டர் இறங்கிடும்" என்று பலர் எழுதி வைத்தார்கள். முந்தைய சீசனில் கிறிஸ்துமஸ் சமயத்தில் கடைசி இடத்தில் கிடந்து, முடிவில் தப்பிப் பிழைத்த அணி அது. பயிற்சியாளரையும் மாற்றியிருந்தார்கள். புதிதாக வந்தவர் கிளாடியோ ரனியேரி. வயது 63.

சூதாட்டக் கடைகள் சிலவற்றில் லெஸ்டர் சாம்பியன் ஆனால் 1 பவுனுக்கு 5,000 பவுன் என்று எழுதி வைத்தார்கள். கொடுக்க வேண்டிவரும் என்று யார் நினைத்தார்கள்?

மூன்று பேர்

அந்த லெஸ்டர் அணியில் மூன்று பேர் இருந்தார்கள்.

முதல் ஆள் ஜேமி வார்டி. ஷெஃபீல்டு நகரத்துப் பையன். "உயரம் போதாது" என்று 16 வயதில் அங்கத்திய பெரிய கிளப் கழற்றிவிட்டது. பிறகு சின்னஞ்சிறு கிளப் ஒன்றில் வாரம் 30 பவுனுக்கு ஆடினார். அந்தக் காசில் வயிறு நிறையுமா? பகலில் ஃபாக்டரி வேலை. அடிபட்ட கை காலுக்கு வைத்துக் கட்டும் சாதனங்கள் செய்யும் ஃபாக்டரி. 2012-ல் லெஸ்டர் அவரை 10 லட்சம் பவுனுக்கு வாங்கியபோது அவருக்கு வயது 25. 2014-15 சீசனில் அவர் போட்டது 5 கோல்!

இரண்டாவது ஆள் ரியாத் மாரெஸ். பாரிஸ் புறநகரில் பிறந்து அல்ஜீரியாவுக்கு ஆடுகிறவர். பிரான்சில் இரண்டாம் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்தார். லெஸ்டரின் ஆள் அங்கே போனது வேறொரு ஆட்டக்காரரைப் பார்க்க. கண்ணில் பட்டவர் இவர். விலை சுமார் 4 லட்சம் பவுன். லெஸ்டர் என்றதும் அது ரக்பி கிளப் என்று நினைத்ததாகப் பின்னாளில் மாரெஸே சொல்லிச் சிரித்தார்.

மூன்றாவது ஆள் என்கோலோ கான்டே. ஐந்தரை அடி உயரம்தான். இவரையும் சிறு வயதில் "குள்ளம்" என்றே ஒதுக்கினார்கள். சீசன் தொடங்க ஐந்தே நாள் இருக்கும்போது பிரான்சிலிருந்து லெஸ்டருக்கு வந்து சேர்ந்தார். விலை சுமார் 56 லட்சம் பவுன்.

மூன்று பேர் விலையையும் கூட்டினால் சுமார் 70 லட்சம் பவுன். ஸ்டெர்லிங் ஒருவர் விலையில் ஏழில் ஒரு பங்கு!

சக்கைப்போடு

ஆட்டம் தொடங்கியது. வார்டி தொடர்ந்து 11 லீக் ஆட்டங்களில் கோல் போட்டார். அதற்கு முன் வான் நிஸ்டல்ரூய் தொடர்ந்து 10 ஆட்டங்களில் போட்டதுதான் பிரீமியர் லீக் சாதனை. அது நவம்பரில் உடைந்தது. சீசன் முடிவில் வார்டி கணக்கு 24. மாரெஸ் கணக்கு 17.

கான்டே? எதிராளியிடம் பந்தைப் பறித்ததில் அவர்தான் முதல். "பூமியில் முக்கால் பங்கு தண்ணீர். மிச்சத்தை கான்டே பார்த்துக்கொள்கிறார்" என்று ரசிகர்கள் கேலி பேசினார்கள்.

செல்சியின் கதை தலைகீழ். தோல்வி மேல் தோல்வி. டிசம்பரில் பயிற்சியாளர் மொரீனோவை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஹசார்டுக்குக் காயம், சோர்வு. லீகில் அவருடைய முதல் கோல் வரும்போது ஏப்ரல் 23 ஆகிவிட்டது!

அதே ஏப்ரலில் சக ஆட்டக்காரர்களின் விருது மாரெஸுக்கு. அந்த விருதை வாங்கிய முதல் ஆப்பிரிக்க நாட்டு ஆட்டக்காரர் அவர். பத்திரிகையாளர் விருது வார்டிக்கு.

அந்தக் கோல்

2016 மே 2. திங்கட்கிழமை இரவு. லெஸ்டருக்கு ஆட்டம் இல்லை. இரண்டாம் இடத்தில் இருந்த டாட்டன்ஹாம் அணி செல்சியோடு மோதியது. டாட்டன்ஹாம் ஜெயிக்காவிட்டால் லெஸ்டர் சாம்பியன்.

லெஸ்டர் ஆட்டக்காரர்கள் வார்டி வீட்டில் டி.வி. முன்னால் கூடினார்கள். இடைவேளையில் டாட்டன்ஹாம் 2, செல்சி 0. முகங்கள் தொங்கிப் போயின.

பிறகு செல்சி ஒரு கோலைத் திருப்பியது. 83-வது நிமிடம். சமன் செய்யும் கோல் வலைக்குள் பாய்ந்தது. ஆட்டம் 2-2 என்று முடிந்தது.

அந்தக் கோலைப் போட்டவர் யார்? ஈடன் ஹசார்ட்!

பட்டியலின் உச்சியில் இருந்தவர் அடித்த கோல், பட்டியலிலேயே இல்லாதவர்களுக்குக் கிரீடம் சூட்டியது. 1884-ல் பிறந்த லெஸ்டர் கிளப்புக்கு முதல் டிவிஷனில் அதுவே முதல் சாம்பியன் பட்டம்.

"லெஸ்டர் ஜெயித்தால் ஜட்டியோடு டி.வி.யில் வருகிறேன்" என்று சவால் விட்டிருந்தார் கேரி லினேகர். அதே ஊரில் பிறந்து, அதே அணிக்கு ஆடியவர். சொன்னபடி ஆகஸ்டில் அரை நிர்வாணமாக வந்து நின்றார். வாக்கு சுத்தம்!

மறுவாதம்

பட்டியல்காரர்கள் விடுவார்களா? "ஒரு வருஷக் கூத்தை வைத்துப் பேசாதே" என்கிறார்கள். அதிலும் நியாயம் உண்டு.

அடுத்த சீசனில் லெஸ்டர் 12-வது இடத்துக்குச் சரிந்தது. பட்டம் வாங்கிக் கொடுத்த ரனியேரியை பத்து மாதம்கூட முடிவதற்குள், 2017 பிப்ரவரியில் நீக்கினார்கள். ஹசார்ட் எழுந்து 16 கோல் போட்டார். செல்சி மீண்டும் சாம்பியன். "பார்த்தாயா, எங்கள் பட்டியல் ஒரு வருஷம் தள்ளிப் பலித்தது!"

ஆனால் அந்த செல்சியில் ஹசார்டுக்குப் பக்கத்தில் யார் ஆடினார்? கான்டே! லெஸ்டரிலிருந்து சுமார் 3 கோடியே 20 லட்சம் பவுனுக்குப் போயிருந்தார். அந்த வருஷம் சக ஆட்டக்காரர் விருது அவருக்கே.

வார்டியும் ஒரு வருஷ வாணவேடிக்கை இல்லை. 2019-20 சீசனில், 33 வயதில், 23 கோல் போட்டு லீகிலேயே அதிக கோல் அடித்தவர் ஆனார்.

பட்டியல் பொய் சொல்வதில்லை. நேற்று நடந்ததைச் சரியாகச் சொல்கிறது. 16 வயதில் "உயரம் போதாது" என்று கேட்டுவிட்டு ஃபாக்டரிக்குப் போன பையன் அதில் வரமாட்டான். அவனைக் கண்டுபிடிக்க, ஆள் வராத சின்ன மைதானத்துக்கு யாராவது ஒருவர் நேரில் போய்த்தான் ஆக வேண்டும்.

ஆகஸ்ட் வந்தால் பட்டியலும் வரும், சண்டையும் வரும். இப்போதெல்லாம் சண்டை முற்றும்போது யாராவது ஒருவர் கடைசியில் கேட்டுவிடுகிறார்:

"எல்லாம் சரிப்பா... அந்த வருஷம் வார்டிக்கு எத்தனாவது இடம் போட்டே?"