முகத்தில் முளைக்கும் முடி: லேசருக்குப் போகுமுன் தெரிந்துகொள்ளுங்கள்



சில மாதங்களுக்கு முன் ஒரு தாய் தன் மகளை எங்கள் தோட்டத்து மருந்தகத்துக்கு அழைத்து வந்தார். மகளுக்கு 19 வயது. துப்பட்டாவால் பாதி முகத்தை மூடியிருந்தாள். விலக்கிப் பார்த்தால், கன்னத்திலும் தாவாக்கட்டையிலும் கறுப்புக் கறுப்பாகத் தீப்பட்ட தழும்பு. டவுனில் ஓர் அழகுக் கடையில் ‘லேசர்’ என்று சொல்லி ஆறு தடவைக்கு முன்பணம் வாங்கியிருக்கிறார்கள். இரண்டாம் தடவையே தோல் கொப்பளித்துவிட்டது.

“ஐயா, தாடி மாதிரி முளைக்குது. பொண்ணு பார்க்க வர்றவங்க என்ன சொல்வாங்க?” என்று தாய் கண் கலங்கினார்.

நான் பிள்ளையிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். “மாதவிலக்கு ஒழுங்கா வருதாம்மா?”

பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு, “அஞ்சு மாசமா வரலைங்க ஐயா” என்றாள். தாய்க்கே அது தெரியாது. பணம் வாங்கியவர்களோ அதைக் கேட்கவே இல்லை.

இதே சங்கடம் பல வீடுகளில் இருக்கிறது. வெட்கத்தால் வெளியே வருவதில்லை. ஆகவே இந்த மாதம் இதைப் பற்றி எழுதுகிறேன்.

முடி ஏன் முளைக்கிறது?

ஆண்களுக்கு மீசை தாடி முளைக்கச் செய்வது ஆண் ஹார்மோன். பெண்கள் உடம்பிலும் அது கொஞ்சம் சுரக்கத்தான் செய்யும். அந்த அளவு கூடினால், மேலுதடு, தாவாக்கட்டை, நெஞ்சு, அடிவயிறு ஆகிய இடங்களில் பூனைமுடியாக இருந்தது கறுத்துத் தடித்த முடியாக மாறும். முகப்பருவும் சேர்ந்து வரலாம். இது யாருடைய சாபமும் அல்ல, பெண் தன்மை குறைந்துவிட்டது என்பதும் அல்ல.

இதற்கு மிகப் பெரிய காரணம் ‘பி.சி.ஓ.எஸ்.’ என்ற சினைப்பைக் கோளாறு. பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இது உண்டு. பலருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. மாதவிலக்கு தள்ளித் தள்ளி வரும், உடம்பு பெருக்கும், சிலருக்குக் கழுத்துப் பிடரி கறுத்துத் தடிக்கும். இதை ‘அழுக்கு’ என்று தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள்.

முடி வெளியில் தெரிகிற அடையாளம் மட்டும்தான். உள்ளே இருக்கும் ஆபத்து வேறு. இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு இனிப்புநீர் இளம் வயதிலேயே வரலாம். நம் இந்தியச் சமூகத்தில் இனிப்புநீர் ஏற்கெனவே அதிகம். மேலும் மாதக் கணக்கில் விலக்கு வராமலே இருந்தால் கர்ப்பப்பையின் உள்தோல் தடித்துப்போகும். வருடக் கணக்கில் கவனிக்காமல் விட்டால் பிற்காலத்தில் அங்கே புற்றுநோய் வரும் ஆபத்தும் கூடும். முடியை மட்டும் எடுத்துவிட்டு இவற்றை விட்டுவிட்டால் என்ன பயன்?

இன்னொன்று. சில மாதங்களுக்குள் திடீரென்று முடி அடர்ந்து, குரலும் ஆண்குரல் போல் தடித்தால், சினைப்பையிலோ சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பியிலோ கட்டி இருக்கக்கூடும். அப்படியானால் ஒரு வாரம்கூடத் தாமதிக்காதீர்கள்.

லேசர் எப்படி வேலை செய்கிறது?

வெயிலில் கறுப்புச் சட்டை போட்டு நின்றால் சூடு அதிகம் தெரிகிறதல்லவா? லேசரும் அப்படித்தான். அது ஒரே வகையான கூர்மையான ஒளி. முடியிலுள்ள கறுப்பு நிறம் அந்த ஒளியை உறிஞ்சிச் சூடாகிறது. அந்தச் சூடு முடியின் வேர்ப்பகுதியைச் சுட்டுவிடுகிறது. இந்தத் தத்துவத்தை 1983-இல் அமெரிக்க டாக்டர்கள் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் இருவரும் விளக்கி எழுதினார்கள். 1990-களின் நடுவில் முடி எடுக்கும் இயந்திரங்கள் புழக்கத்துக்கு வந்தன.

கறுப்பைத் தேடிச் சுடுவதால்தான் நமக்கு ஒரு சிக்கல். நம் தோலிலும் அதே கறுப்பு நிறம் இருக்கிறது. வெள்ளைத் தோலுக்கு வைக்கும் அளவை நமக்கு வைத்தால், முடியோடு தோலும் வெந்துபோகும். அந்தப் பிள்ளைக்கு நடந்தது இதுதான். கறுத்த தோலுக்கு ‘என்.டி. யாக்’ என்ற 1064 நானோமீட்டர் லேசர்தான் மற்றவற்றைவிடப் பாதுகாப்பானது. அந்த ஒளி மேல்தோலில் அதிகம் தங்காமல் ஆழத்துக்கு இறங்கும். சில கடைகளில் ‘ஐ.பி.எல்.’ என்ற விளக்கைக் காட்டி லேசர் என்கிறார்கள். அது லேசர் அல்ல. கறுத்த தோலைச் சுடும் அபாயம் அதில் அதிகம்.

ஒரே தடவையில் போய்விடுமா?

லாலான் புல்லுக்கு ஒரு ரவுண்டு மருந்து அடித்தால் தோட்டம் சுத்தமாகிவிடுமா? திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். முடியும் அப்படித்தான். வளரும் பருவத்தில் உள்ள முடியை மட்டுமே லேசர் பிடிக்கும். தூங்கும் வேர்கள் பிறகு எழும். ஆகவே முகத்துக்கு நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு எட்டுத் தடவையாவது வேண்டும். ஹார்மோன் கோளாறு சரியாகாவிட்டால் பூனைமுடிகள் புதிது புதிதாகத் தடித்துக்கொண்டே வரும். அதற்குப் பிறகும் அவ்வப்போது போக வேண்டியிருக்கும். ‘ஆயுசுக்கும் முளைக்காது’ என்று எவராவது எழுதிக் கொடுத்தால் நம்பாதீர்கள். சிலருக்கு, முக்கியமாக நம்மைப் போன்ற நிறமுள்ளவர்களுக்கு முகத்தில் செய்யும்போது, பக்கத்தில் முடி அதிகமாவதும் உண்டு. நரைத்த முடிக்கு லேசர் வேலை செய்யாது.

என்ன செய்ய வேண்டும்?

1. முதலில் கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்கள். குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். மாதவிலக்கு வந்த தேதிகளைக் குறித்துக்கொண்டு போங்கள். இரத்தத்தில் ஹார்மோன், இனிப்பு இரண்டையும் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் ஸ்கேனுக்கும் பெண் நோய் நிபுணருக்கும் எழுதிக் கொடுப்பார்கள்.

2. டாக்டர் கருத்தடை மாத்திரை கொடுத்தால், “கல்யாணமாகாத பிள்ளைக்கு இதையா?” என்று சண்டைக்குப் போகாதீர்கள். இங்கே அது ஆண் ஹார்மோனைக் குறைத்து விலக்கை ஒழுங்குபடுத்தும் மருந்து. முடியில் பலன் தெரிய ஆறு மாதமாவது ஆகும். பாதியில் நிறுத்தாதீர்கள். பிறர் மாத்திரையை வாங்கிச் சாப்பிடவும் கூடாது.

3. உடம்பு பெருத்தவர்கள் நூறு கிலோவுக்கு ஐந்து கிலோ என்ற கணக்கில் குறைத்தாலே விலக்கு ஒழுங்காக வாய்ப்புண்டு. இனிப்புத் தேத்தண்ணியையும் பால்டின்னையும் குறைப்பதில் தொடங்குங்கள்.

4. லேசர் செய்வதானால், சுகாதார அமைச்சு பதிவு செய்த கிளினிக்கில், எல்.சி.பி. என்ற அனுமதிக் கடிதம் உள்ள டாக்டரிடம் மட்டும் செய்யுங்கள். கடிதத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. முதலில் ஒரு சிறு இடத்தில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணுக்கு மறைப்பு கட்டாயம். முழுப் பணத்தையும் முன்னதாகக் கட்டாதீர்கள்.

5. செய்வதற்கு முன் நாலு வாரம் நூல் போடுவது, மெழுகு போடுவது, பிடுங்குவது கூடாது. வேர் இல்லாவிட்டால் லேசருக்கு வேலையில்லை. சவரம் செய்யலாம். முன்னும் பின்னும் வெயில் படக்கூடாது. வெளிக்காட்டில் வேலை செய்பவர்கள் டாக்டரிடம் இதைச் சொல்லியே ஆகவேண்டும். கர்ப்பிணிகள் தள்ளிப்போட வேண்டும்.

வசதியில்லாதவர்கள் மனம் உடைய வேண்டாம். பிளேடால் சவரம் செய்தால் முடி தடிக்கும் என்பது வெறும் பேச்சு. வெட்டிய நுனி மொட்டையாக இருப்பதால் கையில் குத்துகிறது, அவ்வளவுதான். சுத்தமான பிளேடு, அவரவருக்குத் தனித்தனி, அது போதும். மஞ்சள் பூசுவதில் கெடுதல் இல்லை. ஆனால் அது ஹார்மோனைச் சரி செய்யாது.

நான் சொன்ன அந்தப் பிள்ளைக்கு இரத்தத்தில் இனிப்பு எல்லைக்கோட்டில் இருந்தது. நல்ல வேளை, அதற்கு மேல் போகுமுன் தெரிந்தது. இப்போது மருந்து எடுக்கிறாள். விலக்கு ஒழுங்காகிவிட்டது. தழும்பு மெல்ல மங்கி வருகிறது. லேசரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள்.

தகப்பன்மார்களே, கணவன்மார்களே, கடைசியாக உங்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுப் பெண்பிள்ளை உங்கள் பிளேடை ஒளித்து எடுக்கிறாள் என்றால், கேலி செய்யாதீர்கள். கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.