போர் விமான எஞ்சின் வீட்டுக்கு வரும் முன்

பழைய புல்லட்டையும் ஜீப்பையும் பிரித்துப் பூட்டிப் பழகியவர்களில் சிலருக்கு அடுத்த ஆசை பெரிதாகவே வந்துவிடுகிறது: இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான எஞ்சின். கேரளத்துப் பொன்முடி மாதிரி மலையில், வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட இடமிருப்பவருக்கு அது இன்னும் எளிதாக வரும். ஆசையில் தவறில்லை. துப்பாக்கிக்கு வாங்குவதுபோல் தனி எஞ்சினுக்கு உரிமம் வாங்க வேண்டியதில்லை. நூறு வயதைத் தாண்டியவற்றைத்தான் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் பார்க்கிறது. 1940-களின் எஞ்சின் அதில் வராது. அது எங்கிருந்து வந்தது, அதோடு ஒட்டிக்கொண்டு என்ன வந்தது என்பதைத்தான் சட்டம் கேட்கும். உடம்பும் அதையேதான் கேட்கும்.

இந்த வேலைக்கு நம் நாட்டில் நல்ல முன்னோடிகள் உண்டு. போர் முடிந்தபோது பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள், திரும்பப் பறக்கக் கூடாதென்று வேண்டுமென்றே சிதைக்கப்பட்டு, கான்பூரில் கிடந்தன. பெங்களூரு ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் 1948-இல் தொடங்கி அவற்றில் நாற்பதுக்கு மேற்பட்டவற்றை மீட்டது. கான்பூரிலிருந்து பெங்களூருக்கு அவற்றை ஓட்டி வந்தவர் அந்நிறுவன விமானி ஜம்ஷெட் முன்ஷி. 1968 வரை விமானப்படையில் அவை இருந்தன. 2018-இல் அப்போதைய நாடாளுமன்ற உறுப்பினர் ராஜீவ் சந்திரசேகர், இங்கிலாந்தில் புதுப்பிக்கப்பட்ட ஒரு டகோட்டா போக்குவரத்து விமானத்தை விமானப்படைக்குக் கொடுத்தார். அவருடைய தந்தை டகோட்டா ஓட்டிய விமானி. இரண்டு ரக விமானங்களிலும் இருந்தது பிராட் அண்ட் விட்னி ஆர்-1830 எஞ்சின்: 14 சிலிண்டர், சுமார் 30 லிட்டர், 1,200 குதிரைத்திறன், அரை டன்னுக்கு மேல் எடை. ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேல் செய்யப்பட்ட எஞ்சின் அது. ஆனால் அந்த மீட்பு வேலைகள் தேர்ந்த பொறியாளர்கள் நிறைந்த பட்டறைகளில் நடந்தவை. வீட்டு ஷெட்டில் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

முதலில் காகிதம். ராணுவம் கழித்துப்போடும் பொருட்கள் பெரும்பாலும் எம்.எஸ்.டி.சி. என்ற பொதுத்துறை நிறுவனத்தின் மின்னணு ஏலம் வழியாக வெளியே வருகின்றன. காயலான் கடையிலோ, கேரளத்து ஆக்ரிக்கடையிலோ வாங்கினாலும், அந்த ஏலத்திலிருந்து உங்கள் கை வரைக்கும் ரசீதுகள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணமிருந்தும் வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறை. தெரியாமல் வாங்கியிருந்தாலும் பொருள் உரியவருக்குப் போய்விடும். பணத்தை விற்றவரிடம்தான் கேட்க வேண்டும். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. காட்டில் விழுந்து கிடப்பதைக் கழற்றிவரலாம் என்ற எண்ணமே வேண்டாம். காப்புக் காட்டிலிருந்து ஒன்றை எடுப்பது வனக் குற்றமாகலாம். அருணாசலப் பிரதேச மலைகளில் சிதறிய அமெரிக்க விமானங்களில் வீரர்களின் எச்சங்கள் இன்னும் தேடப்படுகின்றன. அப்படிப்பட்ட இடம் யாருடையதோ ஒரு கல்லறை.

பட்டறைக்காரர்கள் மேல் எனக்குள்ள குறை ஒன்றுதான். கனமான பொருளைப் பார்த்தால் காலில் விழுமே என்று பயப்படுகிறார்கள், உள்ளே இருப்பதைப் பற்றி யோசிப்பதில்லை. இந்த வகை எஞ்சின்களின் எக்ஸாஸ்ட் வால்வுத் தண்டு வெறும் இரும்பல்ல. சூட்டைக் கடத்துவதற்காக உள்ளே குடைந்து சோடியம் உலோகம் அடைத்திருப்பார்கள். அதை ஆக்ஸா பிளேடால் அறுத்து ஈரக் கையால் தொட்டாலே போதும், தீப்பிடிக்கும். வால்வை வெட்டவோ துளையிடவோ கூடாது. பழைய இரும்போடு எடைக்குப் போடவும் கூடாது. சில உறைகள் மக்னீசியக் கலவையில் வார்த்தவை. கிரைண்டர் போட்டால் பறக்கும் அந்தத் துகள் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றுவது எண்ணெய் வார்ப்பதுதான். உலர்ந்த மணலைப் பக்கத்திலேயே வைத்திருங்கள். பச்சை மஞ்சள் பிரைமர் பூச்சில் புற்றுநோய் உண்டாக்கும் குரோமியம் இருக்கும். போல்ட்டுகளில் காட்மியம் பூச்சு. கேஸ் வெல்டிங் சூட்டில் அதன் புகை நுரையீரலைக் கெடுக்கும். பழைய கேஸ்கட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ். சிலிண்டருக்குள் படிந்த சாம்பல் நிறக் கரி, காரீயம் கலந்த பெட்ரோலின் மிச்சம். ஆகவே உலர வைத்துத் தேய்க்காமல் நனைத்துத் தேய்க்க வேண்டும். சரியான முகமூடி வேண்டும். வேலை உடுப்பை வீட்டுத் துணியோடு துவைக்கக் கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் ரத்தத்தில் காரீய அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது.

எஞ்சினோடு அளவுமானிகளும் சேர்ந்து வந்தால் இன்னும் கவனம். இருட்டில் தெரிய எண்களுக்கு ரேடியம் பூசியிருப்பார்கள். பூச்சு இன்று ஒளிராமல் போயிருக்கலாம். ரேடியத்தின் அரை ஆயுளோ சுமார் 1,600 ஆண்டு. கண்ணாடி உடையாதவரை அபாயம் குறைவு. திறந்து துடைப்பதுதான் வம்பு, தூள் மூக்கில் ஏறிவிடும். 2010-இல் தில்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் கோபால்ட்-60 இருந்த கருவியைப் பிரித்ததில் ஒருவர் இறந்தார். அது ரேடியத்தைவிடப் பல மடங்கு வீரியமானது. ஆனால் தெரியாமல் பிரித்த கதை ஒன்றேதான். சந்தேகம் வந்தால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு எழுதுங்கள். சில பிரிட்டிஷ் எஞ்சின்கள் தோட்டா வெடித்து ஸ்டார்ட் ஆகிறவை. அந்தத் தோட்டாவோ விமானத் துப்பாக்கியின் குண்டோ கிடைத்தால் கை வைக்காமல் 112-க்குச் சொல்லுங்கள். நினைவுப் பொருளாக அலமாரியில் வைத்தால் ஆயுதச் சட்டமும் வெடிபொருள் சட்டமும் வரும்.

எஞ்சினைச் சுழற்றிப் பார்க்கும் முன் கீழ்ச் சிலிண்டர்களின் பிளக்குகளைக் கழற்றி எண்ணெயை வடிக்க வேண்டும். வடிக்காமல் ஸ்டார்ட்டர் கொடுத்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரி இல்லையே என்ற தைரியமும் கூடாது. மேக்னெட்டோவுக்குப் பேட்டரியே தேவையில்லை. அதன் எர்த் வயர் அறுந்திருந்தால், கையால் ப்ரொப்பெல்லரைத் திருப்பும்போதே எஞ்சின் பற்றிக்கொண்டு கையை வெட்டிவிடும்.

பொன்முடியில் இதற்குமேல் பனிமூட்டம் வேறு. ஆயிரம் மீட்டருக்கு மேலான உயரத்தில் மூடுபனிக்கும் மழைக்கும் நடுவில் சிலிண்டர் சுவர் சீக்கிரமே துருவேறும். போர்க்காலத்தில் எஞ்சினைக் கப்பலேற்றும்போது பிளக் ஓட்டைகளில் சிலிக்கா ஜெல் குப்பிகளைத் திருகுவார்கள். ஜெல்லின் நீலம் இளஞ்சிவப்பானால் மாற்ற வேண்டும். அதே முறை இங்கேயும் போதும். கழிவு எண்ணெயை ஓடையில் விட்டால் கல்லாற்றுக்குத்தான் போகும். அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். விற்பனைக்கு அல்லாத பெட்ரோல் 30 லிட்டர் வரைதான் உரிமமின்றி வைக்கலாம். இந்த எஞ்சினுக்கு அது சில நிமிடத் தீனி.

ஓட்டிக் காட்டினால் அண்டை வீட்டாருக்கும் உரிமை உண்டு. குடியிருப்புப் பகுதியில் ஒலிக்கு வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45. பகலில் வரம்பை 10 டெசிபலோ அதற்கு மேலோ மீறினால் புகார் கொடுக்கலாம். தொடர்ந்தால் நிர்வாக நடுவர் பொதுத் தொல்லையை நீக்க ஆணையிடலாம். பக்கத்தில் பேப்பாறை வனவிலங்கு சரணாலயம் இருப்பதால் வனத்துறையிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. இந்த எஞ்சினை விமானத்தில் பூட்டிப் பறப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. 2025 ஜனவரி முதல் நடப்பிலுள்ள பாரதிய வாயுயான் அதிநியமத்தின் கீழ் பறக்கத் தகுதிச் சான்று வேண்டும், அதை வீட்டில் செய்த வேலைக்குத் தரமாட்டார்கள்.

சொன்ன பொருள் வராமல் ஏமாந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுண்டு. கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். 5 லட்சம் வரை கட்டணமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். சொந்த உபயோகத்துக்கு வாங்கியதாக இருக்க வேண்டும், மறுவிற்பனைக்கென்றால் மனு நிற்காது. ‘உள்ளது உள்ளபடி’ என்று எழுதிய ரசீதில் கையெழுத்திட்டிருந்தால் வழக்கு பலவீனமாகிவிடும். அதனால் எஞ்சின் எண், வகை, நிலை எல்லாவற்றையும் விற்பவர் கையாலேயே ரசீதில் எழுத வைத்து, ஏற்றும் முன் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.