விற்பனைக்கு முந்தைய வீட்டு ஆய்வு

விற்பனைக்கு முந்தைய வீட்டு ஆய்வு என்பது, வீட்டை விற்பனைக்கு அறிவிக்கும் முன்னரே அதன் உரிமையாளர் தம் செலவில் தகுதி பெற்ற ஒருவரைக் கொண்டு வீட்டின் நிலையை ஆராய்ந்து அறிக்கை பெறுவதாகும். பல நாடுகளில், விலை பேசப்பட்ட பின்னர் வாங்குபவரே ஆய்வு செய்விப்பது வழக்கம். அப்போது வெளிப்படும் ஒரு குறை, பேசிய விலையைக் குறைக்கவோ விற்பனையையே முறிக்கவோ கூடும். இதைத் தவிர்ப்பதே முன் ஆய்வின் முதன்மை நோக்கம். ஐக்கிய அமெரிக்காவில் இது பெரும்பாலும் விற்பவரின் விருப்பத்தைப் பொறுத்தது. ஸ்காட்லாந்தில் 2008 முதல் சட்டப்படி கட்டாயமாகும்.

ஆய்வின் எல்லை

கூரை, மழைநீர் வடிகுழாய்கள், சுவர்கள், அடித்தளம், மின்னிணைப்பு, தண்ணீர்க் குழாய்கள், வெப்பமூட்டும் அமைப்பு ஆகியவை பார்க்கப்படும். சுவரை உடைத்தோ தரைப்பலகையைப் பெயர்த்தோ பார்ப்பதில்லை. ஆகவே அறிக்கையில் ஒரு குறை இடம்பெறாததை, அக்குறை இல்லை என்பதற்கான உத்தரவாதமாகக் கொள்ள இயலாது.

அறிந்ததை மறைத்தல்

முன் ஆய்வு செய்துகொள்ளும் அமெரிக்க உரிமையாளருக்கு ஒரு சிக்கல் உண்டு. பெரும்பாலான மாநிலங்களில், தாம் அறிந்த முக்கியக் குறைகளை விற்பவர் வாங்குபவருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆய்வின் மூலம் ஒரு குறை தெரியவந்தபின் "எனக்குத் தெரியாது" என்று கூற வழியில்லை.

இதில் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது, புளோரிடா உச்ச நீதிமன்றம் 1985இல் தீர்ப்பளித்த ஜான்சன் எதிர் டேவிஸ் வழக்கு. 1982இல் 3,10,000 டாலருக்கு ஒரு வீடு விலை பேசப்பட்டது. சாளரச் சட்டத்தருகே உரிந்திருந்த பூச்சையும் உட்கூரையில் இருந்த கறைகளையும் பற்றி வாங்குபவர் கேட்டபோது, அவை பொருட்படுத்தத்தக்கவை அல்ல என்று விற்பவர் விளக்கமளித்தார். முன்பணம் கொடுத்தபின் பெய்த பெருமழையில் வீட்டினுள் நீர் கொட்டியது. வீட்டின் மதிப்பைப் பாதிக்கக்கூடிய, வாங்குபவருக்கு எளிதில் புலப்படாத குறையை அறிந்திருக்கும் விற்பவர் அதை வெளிப்படுத்தக் கடமைப்பட்டவர் என்று கூறிய நீதிமன்றம், முன்பணத்தைத் திருப்பித் தர ஆணையிட்டது. வாங்குபவரே விழிப்புடன் இருக்க வேண்டும் என்ற பழைய சட்டக் கொள்கை இதனால் அம்மாநிலத்தில் பெரிதும் தளர்ந்தது.

ஸ்காட்லாந்தின் வீட்டு அறிக்கை

ஸ்காட்லாந்தில் வீடுகள் பெரும்பாலும், குறிப்பிட்ட தொகைக்கு மேல் மூடிய உறையில் விலை கேட்கும் முறையில் விற்கப்பட்டு வந்தன. விலை கூறும் முன் ஒவ்வொருவரும் தனித்தனியே ஆய்வுக்குச் செலவு செய்ய வேண்டியிருந்தது. ஒரே வீட்டை ஐந்து பேர் ஆய்வு செய்வித்தாலும் வீடு ஒருவருக்கே கிடைக்கும். ஏனைய நால்வரின் பணம் வீண். விற்பவர் தாமாக முன்வந்து ஆய்வு செய்துகொள்ளும் திட்டம் 2004இல் சோதித்துப் பார்க்கப்பட்டபோது மிகச் சிலரே இணைந்தனர். செலவு ஒருவருடையது, பயன் மற்றவருடையது என்றால் இவ்வாறு நேர்வது வியப்பன்று. பின்னர் 2006ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் கீழ், 2008 திசம்பர் 1 முதல் வீட்டு அறிக்கை கட்டாயமாக்கப்பட்டது. புதிதாகக் கட்டி விற்கப்படும் வீடுகளுக்கு விலக்கு உண்டு.

இவ்வறிக்கையில் பட்டய மதிப்பாய்வாளரின் ஆய்வும் விலை மதிப்பீடும், ஆற்றல் அறிக்கை, விற்பவர் நிரப்பும் வினாத்தாள் ஆகிய மூன்று பகுதிகள் உள்ளன. கட்டடத்தின் ஒவ்வொரு கூறுக்கும் 1 முதல் 3 வரை எண் தரப்படும். 3 என்பது உடனடிப் பழுதுபார்ப்பு தேவை என்பதைக் குறிக்கும். வெள்ளம், தீ, கல்நார், மர அழுகல், பொதுக்கூரைப் பராமரிப்பு போன்றவற்றை வினாத்தாள் கேட்கிறது. முதன்முதலில் விற்பனைக்கு வைக்கும்போது அறிக்கை 12 வாரங்களுக்கு மேற்பட்டதாக இருத்தல் கூடாது.

விற்பவர் பணம் கொடுக்கும் ஆய்வாளர் நடுநிலையாக இருப்பாரா என்ற ஐயம் இயல்பானது. இதனால்தான் ஆய்வாளர் வாங்குபவருக்கும் பொறுப்புடையவராக ஆக்கப்பட்டுள்ளார். வங்கிகள் பொதுவாக மதிப்பீட்டுத் தொகையை வைத்தே கடன் தருவதால், அதற்கு மேல் விலை கேட்பவர் மிகுதியைக் கையிருப்பிலிருந்து செலுத்த வேண்டியிருக்கும் என்பதும் குறிப்பிடத்தக்கது.

இங்கிலாந்தும் வேல்சும்

இங்கு 2007 ஆகத்து முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த வீட்டுத் தகவல் தொகுப்பு நிலைக்கவில்லை. அதன் பயனுள்ள பகுதியான வீட்டு நிலை அறிக்கை, திட்டம் தொடங்கும் முன்பே, 2006இல், விருப்பத்துக்கு விடப்பட்டது. எஞ்சியவை பெரும்பாலும் உரிமை ஆவணங்களே. 2010 மே மாதம் அத்தொகுப்புக்கான கட்டாயம் நிறுத்தி வைக்கப்பட்டு, பின்னர் நீக்கப்பட்டது. ஆற்றல் சான்றிதழ் மட்டும் தொடர்கிறது.