சுற்றளவுக்கு அப்பால்

பிரேசிலின் வடகிழக்கில் 2015 இறுதியில் தலை சிறுத்த குழந்தைகள் அடுத்தடுத்துப் பிறந்தபோது, எல்லோரும் இன்ச் டேப்பைத்தான் நம்பினார்கள். முதலில் 33 செ.மீ.க்கு உட்பட்ட தலையெல்லாம் சந்தேகப் பட்டியலில் சேர்ந்தது. டிசம்பரில் வரம்பு 32 ஆனது. 2016 மார்ச்சில் ஆண் குழந்தைக்கு 31.9, பெண் குழந்தைக்கு 31.5. கணக்கெடுக்க ஏதாவது ஒரு கோடு வேண்டும்தான். ஆனால் ஜிகா வைரஸ் கருவில் விட்டுச்சென்ற சேதம் முழுவதையும் அந்தக் கோட்டை வைத்தே எடைபோட்டது சரியல்ல. வைரஸ் தாக்குவது மண்டையோட்டை அல்ல, பிற்பாடு நரம்புச் செல்களாக மாறவேண்டிய மூலச்செல்களை. மூளை வளர்ந்து உள்ளிருந்து தள்ளினால்தான் ஓடு விரியும். அந்த வளர்ச்சி நின்றுபோனால் ஓடும் விரியாமல் நின்றுவிடும். சில சமயம் அது உடனே வெளியே தெரிவதும் இல்லை. பிறக்கும்போது தலை சிறுக்காத, ஆனால் ஸ்கேனில் மூளைக் கோளாறு தெரிந்த 13 குழந்தைகளைப் பற்றி 2016இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் 11 பேருக்குப் பிறந்த பிறகுதான் தலை சிறுத்துப்போனது தெரிந்தது.

ஜிகா பாதித்த குழந்தைகள் பிறகு என்ன ஆனார்கள் என்பதுதான் முக்கியம். பிரேசிலின் பராயிபா மாநிலத்தில் பிறவி ஜிகா பாதிப்புள்ள, 19 முதல் 24 மாத வயதான 19 குழந்தைகளை 2017இல் பரிசோதித்தார்கள். 15 பேர் ஆறு மாதக் குழந்தைக்குரிய வளர்ச்சியைக்கூட எட்டவில்லை. 11 பேருக்குக் காய்ச்சல் இல்லாமலே வலிப்பு. 13 பேருக்குக் கேட்டலில் குறை. 10 பேருக்குத் தூக்கத்தில் சிக்கல். உணவூட்டுவதில் சிக்கல் 9 பேருக்கு. இந்தக் கடைசி விஷயத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். முதல் சில வாரங்கள் ஒழுங்காகப் பால் குடித்த குழந்தைகளுக்கும் மூன்று மாதத்துக்குப் பிறகு விழுங்குவது தடுமாறியதை மருத்துவர்கள் கண்டார்கள். நாக்கும் தொண்டையும் ஒன்றோடொன்று ஒத்துழைப்பதில்லை. புரையேறி இருமினால் தாய்க்குத் தெரிந்துவிடும். இருமலே வராத குழந்தைக்குப் பால் சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடுகிறது.

பத்தொன்பது பேரை வைத்து முடிவு கட்டலாமா, அதுவும் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களை வைத்து, என்று கேட்கலாம். தொற்று கண்ட எல்லாத் தாய்மாரின் குழந்தைகளுக்கும் இந்த விகிதங்களைப் பொருத்தக்கூடாது என்பது உண்மைதான். பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன. ஆனால் 1 கோடிக்கும் மேற்பட்ட பிரேசில் பிறப்புகளை ஆராய்ந்து 2022இல் வந்த ஆய்வு, பிறவி ஜிகா பாதிப்புள்ள குழந்தைகளின் இறப்பு விகிதம் மூன்று வயதுவரை மற்றவர்களைவிட ஏறத்தாழ 11 மடங்கு என்கிறது. இதைச் சிறு மாதிரியின் கோளாறு என்று தள்ளிவிட முடியாது.

மூளையைத் திருப்பித் தர முடியாதபோது இத்தனை பரிசோதனை எதற்கு என்பது இன்னொரு ஆட்சேபம். மருத்துவர்களே சொல்லும்போது இது கனமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வலிப்புக்கு மருந்து உண்டு. பாலைக் கெட்டியாக்கிக் கொடுக்கலாம்; அதுவும் முடியாவிட்டால் வயிற்றில் நேரடியாகக் குழாய் பொருத்தலாம். கண்ணாடி போட்டதும் பார்வை மேம்பட்ட குழந்தைகளும் உண்டு. இறுகிப்போகும் மூட்டுகளுக்குப் பிசியோதெரபி எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது.

ஜிகா பிரேசிலோடு நின்றுவிடவில்லை. 2021 ஜூலையில் திருவனந்தபுரத்தில் ஒரு கர்ப்பிணிக்கு அது உறுதியானது. கர்ப்ப காலத்தில் தொற்று கண்ட தாயின் குழந்தைக்குப் பிறந்த அன்று டேப் எந்த எண்ணைக் காட்டினாலும், கண், காது, விழுங்கும் திறன் மூன்றையும் முதல் சில ஆண்டுகளுக்குத் திரும்பத் திரும்பப் பரிசோதிக்க வேண்டும்.