கரியின் தரமும் புகையின் குணமும்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் நோக்கிப் பெங்களூர் நெடுஞ்சாலையில் செல்வோர், மாலை வேளைகளில் சாலையோரத் தணலில் மக்காச்சோளக் கதிர்கள் வாட்டப்படுவதைக் காணலாம். உணவு விடுதிகளின் வாசலிலே கம்பியிற் கோத்த கோழியிறைச்சி கங்குகளின் மேல் வேகிறது. உண்போர் சுவையைப் புகழ்வார்கள். அடியிலே கிடக்கும் கரியை எண்ணுவோர் சிலரே. அக்கரியைப் பற்றியே இன்று நான் பேச விரும்புகிறேன்.

விறகை அடுக்கி, மண்ணால் மூடி, காற்றை மிகக் குறைத்துச் சுடுவதை மூட்டம் போடுதல் என்பர். முதலில் ஈரம் ஆவியாகிறது. அடுத்துத் தாரும் எரிவாயுக்களும் புகையாக வெளியேறுகின்றன. எஞ்சுவது பெரும்பாலும் கார்பனே. பழைய முறையில் ஒரு டன் கரிக்கு ஐந்தாறு டன் விறகு செலவாகும். ஆகவே, நன்கு வெந்த கரி எரியும்போது புகைவதில்லை. புகைந்தால், அது அரைவேக்காடு, அல்லது ஈரம் பட்டது என்று கொள்க.

கரியிலும் சாதிகள் உண்டு. இலேசான மரத்தின் கரி விரைவிற் பற்றும், விரைவிலேயே நீறாகும். சோளக்கதிருக்கும் அப்பளத்துக்கும் அது போதும். சவுக்கு, சீமைக் கருவேலம் முதலிய கெட்டி மரங்களின் கரி மெல்லப் பற்றி நெடுநேரம் கனலும்; இறைச்சிக்கு ஏற்றது அதுவே. இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கங்களில் மூட்டம் போடப்படுவது பெரும்பாலும் சீமைக் கருவேலமே. 1877-இல் இந்நாட்டுக்கு விதையாக வந்த மரம் இது. அமெரிக்கர் இறைச்சி சுடுவதற்கு விரும்பும் ‘மெஸ்கீட்’ கரியும் இதன் இனத்தைச் சேர்ந்ததே. கொட்டாங்கச்சிக் கரியோ சாம்பல் குறைந்தது, அனல் மிகுந்தது. பற்றவைக்கத்தான் பொறுமை வேண்டும். ஜப்பானியரின் ‘பின்சோட்டான்’ கரி, இறுதியில் ஏறத்தாழ 1000 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுடப்படுவதால், தட்டினால் உலோகம் போல் ஒலிக்கும். நம் கரியையும் இவ்வாறே தட்டிப் பார்க்கலாம்: ‘கிண்’ என்றால் நன்கு வெந்தது, மந்தமாக ஒலித்தால் வேகாதது.

நல்ல கரியில் புகையில்லையெனில், சுட்ட உணவின் புகைமணம் எங்கிருந்து வருகிறது? இறைச்சியின் கொழுப்பு தணலிற் சொட்டிப் புகைவதால் ஒரு பகுதி வருகிறது. மற்றது மரத்தின் கொடை. மரத்திலுள்ள லிக்னின் என்னும் பொருள் வெப்பத்திற் சிதையும்போது மணமுள்ள பொருள்கள் பிறக்கின்றன. ஆதலால் மீனையோ இறைச்சியையோ புகையூட்ட விரும்புவோர், தணலின் மேல் உலர்ந்த கெட்டி மரத் துண்டு ஒன்றை இடுகின்றனர். வெப்பம் கரியினுடையது, மணம் மரத்தினுடையது. வர்ணம் பூசிய பலகைத் துண்டுகளை ஒருபோதும் இடலாகாது. அவற்றின் புகை நஞ்சாகும்.

புகையாத கரி தீங்கற்றது என்று எண்ணிவிடாதீர்கள். ஓசூர், கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. மார்கழிக் குளிரில், தொழிலாளர் சிலர் ஒன்றாகத் தங்கியிருக்கும் சிற்றறையில், சமைத்து மிஞ்சிய தணலைக் குளிர்காய வைத்துக் கதவை அடைத்து உறங்கத் தோன்றலாம். அது உயிரைப் பறிக்கும் செயல். கனலும் கரியிலிருந்து கார்பன் மானாக்சைடு எழுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபின், பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேலான நாட்டத்துடன் இதனைப் பற்றிக்கொள்கிறது. தலைவலி, மயக்கம், பின்னர் மரணம். புகை இருந்தால் இருமலாவது எழுப்பும்; உயர்ந்த கரி அந்த எச்சரிக்கையையும் தருவதில்லை.

ஆகவே, கரியடுப்பைத் திறந்த வெளியிலேயே மூட்டுங்கள். உறங்குமுன் தணலை நீர் தெளித்து முற்றும் அணையுங்கள். எவரேனும் மயங்கினால் உடனே வெளிக்காற்றுக்குக் கொணர்ந்து மருத்துவரை அழையுங்கள். மாணவர்களே, இதனை உங்கள் இல்லத்தாருக்கும் அண்டை அயலாருக்கும் எடுத்துக் கூறுவீர்களாக.