சுற்று வழியே சுக வழி!

கோடை விடுமுறைக்கு, அம்பத்தூரிலிருந்து காரில் கொடைக்கானல் போக முடிவு செய்தோம். மாமியாருக்கு சர்க்கரை வியாதி. மணிக்கொரு தரம் பாத்ரூம் போயாகணும். வண்டலூர், கூடுவாஞ்சேரி நெரிசலில் மாட்டினால், பாவம், என்ன செய்வார்?

'சனிக்கிழமை காலை டிபன் சாப்பிட்டு, நேரா வண்டலூர் போயிடலாம்' என்றார் கணவர்.

'வேணாங்க... புதன்கிழமை விடிகாலை, 4:00 மணிக்கே கிளம்பி, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வழியா சிங்கப்பெருமாள் கோவில் போய், ஜி.எஸ்.டி., ரோட்டை பிடிக்கலாம்' என்றேன்.

கொஞ்சம் சுற்று தான். ஆனால், எங்கும் நிற்காமல் வண்டி ஓடியது. கேட்ட இடத்தில், பெட்ரோல் பங்க்கில் நிறுத்தவும் முடிந்தது. 2024 மே மாதத்தில் வந்த, 'இ - பாஸ்' முறைப்படி, பாசையும் முன்கூட்டியே எடுத்திருந்தோம்.

தோழியரே... ரூட் போடுவது ஆண்கள் வேலை என்று விட்டு விடாதீர்கள். வீட்டு பெரியவர்களின் உடம்பு வாகு, நமக்கு தானே தெரியும்!

— ஒரு வாசகி, அம்பத்தூர்.